அப்புறப்படுத்திய உப்பு

மகாகனி மரத்துக்குக் கருஞ்சிவப்பு ஏற்றவும் பொட்டாசியம் குளோரைடு தயாரிக்கவும் பயன்படும் காவிமண் என்று பழைய வெப்ஸ்டர் அகராதி ஒரு பொருளுக்கு விளக்கம் சொல்கிறது. தச்சர் தேடுகிற மண்ணும் உரத் தொழிற்சாலை தேடுகிற உப்பும் ஒரே பொருளாக இருக்குமா? இரண்டையும் ஒரே வரியில் அடைத்துவிட்டு அகராதிக்காரர் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். அந்தச் சொல் ‘அப்ரௌம்’. ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. ‘அப்ராய்மன்’ என்றால் சிரமமில்லாமல் தமிழில் சொல்லிவிடலாம்: ஒதுக்கித் தள்ளுவது, அப்புறப்படுத்துவது. சுரங்கத்தில் வேண்டிய பொருளுக்கு மேலே கிடக்கிற வேண்டாத மண்ணையும் பாறையையும் வெட்டி எறிவார்கள் இல்லையா, அந்தக் கழிவுக்குத்தான் அப்ரௌம் என்று பேர். அப்ரௌம் உப்பு என்றால் அப்படி வெட்டி எறிந்த உப்பு. பொட்டாசியமும் மக்னீசியமும் சோடியமும் கலந்து கிடந்த உப்புக் கூட்டத்துக்கு வேதியியல் புத்தகங்களில் நிலைத்துவிட்ட பெயர் இது.

மகாகனிக்காரரின் காவி இதில் எப்படி வந்து ஒட்டியது? என் ஊகம், நிறத்தால் வந்த குழப்பம். அப்ரௌம் உப்புகளில் முக்கியமானது கார்னலைட். சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. மண்ணுக்கடியில் கிடைப்பது பெரும்பாலும் சிவப்பு. உள்ளே இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய தகடுகள் சிதறிக் கிடப்பதால் அந்தச் சிவப்பு. காவிக்கும் சிவப்பைக் கொடுப்பது அதே இரும்பு ஆக்சைடுதான்.

அந்தச் சிவப்பை நான் அகராதியில் பார்ப்பதற்கு முன்பே உரக்கடையில் பார்த்திருக்கிறேன். ஏரல் பக்கம் எங்களுக்கு வாழை. தாமிரபரணி கடலுக்குப் போகிற கடைசி நடை அது. வாழை பொட்டாஷைத் தின்று வளர்கிற பயிர். பற்றாமல் போனால் இலை ஓரம் மஞ்சளாகிக் கருகும், தார் சிறுக்கும். அப்பா கடையில் போய் நின்றதும் கடைக்கார அண்ணாச்சி முதலில் கேட்பது, “செவப்பா, வெள்ளையா?” என்பதுதான். சிவப்புப் பொட்டாஷில்தான் சாரம் இருக்கிறது என்பது அப்பாவின் கட்சி. வெள்ளைதான் சுத்தம் என்று எதிர்க்கட்சி ஒன்றும் ஊரில் இருந்தது. இரண்டிலும் இருப்பது பொட்டாசியம் குளோரைடுதான், சிவப்பில் கொஞ்சம் இரும்புத்துரு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கல்லூரியில் சேர்ந்தபிறகு விளக்கிப் பார்த்தேன். “துருவும் சத்துதானடா” என்று அப்பா முடித்துவிட்டார்.

எங்கள் ஊரில் உரத்துக்கு மூன்று பேர் உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. வேளாண்மைத்துறை துண்டுப் பிரசுரத்திலும் அதுதான், அப்பாவின் வாயிலும் அதுதான். இலையைத் தழைக்க வைப்பது நைட்ரஜன், கதிரில் மணியைக் கட்டவைப்பது பாஸ்பரஸ். மூன்றாவதற்கு மட்டும் பயனைச் சொல்லாமல் பிறந்த வீட்டைச் சொல்லிவிட்டார்கள். பொட்டாசியம் வெகுகாலம் சாம்பலிலிருந்துதான் கிடைத்தது. மரத்தை எரித்து, சாம்பலை நீரில் கரைத்து, தெளிந்த நீரை இரும்புப் பானையில் சுண்டக் காய்ச்சினால் அடியில் தங்குவது பொட்டாஷ். பானைச் சாம்பல் என்பதே அதன் பொருள். சோப்புக்கும் கண்ணாடிக்கும் வெடிமருந்துக்கும் அது வேண்டியிருந்தது. வட அமெரிக்காவில் காட்டை அழித்து வயலாக்கியவர்களுக்கு முதல் வருமானமே வெட்டிய மரத்தின் சாம்பல்தான். அமெரிக்காவின் முதல் காப்புரிமை 1790இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட அந்தத் தாள் நீராவி எந்திரத்துக்கோ துப்பாக்கிக்கோ உரியதல்ல. பொட்டாஷ் காய்ச்சும் புதிய முறைக்கு உரியது. 1807இல் ஹம்ஃப்ரி டேவி அதே பொட்டாஷை உருக்கி மின்சாரம் பாய்ச்சியபோதுதான் பொட்டாசியம் என்கிற உலோகமே வெளியே வந்தது.

டேவி உலோகத்தை எடுத்துக் காட்டி முப்பது ஆண்டு கழித்து, பிரஷ்ய அரசு ஜெர்மனியின் நடுவே போடெ ஆற்றங்கரையில் ஸ்டாஸ்ஃபுர்ட் என்ற சிற்றூரில் துளைபோட ஆரம்பித்தது. 1839. அவர்கள் தேடிப்போனது சாப்பாட்டு உப்பை. அந்த ஊரில் நெடுங்காலமாக உப்பு ஊற்றுகள் இருந்தன. ஊற்று நீரைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். ஊற்றுக்கு அடியில் பாறை உப்பு கிடக்கும் என்பது அரசின் கணக்கு. கணக்கு தப்பவில்லை. 1843இல் 250 மீட்டருக்கும் கீழே துளை உப்பைத் தொட்டது. ஆனால் மேலே வந்த உவர்நீரை நாவில் வைத்துப் பார்த்தவர்களுக்கு முகம் சுளித்திருக்க வேண்டும். கசப்பு. மக்னீசியம் குளோரைடு மண்டிய நீர் அது. சமையலுக்கு ஆகாது.

அந்த இடத்தில் திட்டத்தை மூட்டைகட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. கசப்பு உப்பு மேலே மட்டும்தான், அதற்குக் கீழே நல்ல உப்பு சுத்தமாக இருக்கும் என்று வேதியியலர்கள் தைரியம் சொன்னார்கள். 1851இன் கடைசியில் குழி வெட்டத் தொடங்கினார்கள். இரண்டு குழிகள், இரண்டுக்கும் பிரஷ்ய அமைச்சர்களின் பெயர்: மான்டாய்ஃபல், ஃபோன் டெர் ஹைட். நல்ல உப்பை எட்ட 300 மீட்டரைத் தாண்ட வேண்டியிருந்தது. வழியில் குறுக்கே நின்றது கசப்பு அடுக்கு. சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாக, பார்க்க அழகான, காற்றுப்பட்டால் ஈரம் குடித்து நசநசக்கிற உப்பு. அதைத் தோண்டித் தோண்டி மேலே கொண்டுவந்து ஓரமாகக் கொட்டினார்கள். சுரங்கக்காரன் அதற்குப் பேர்வைக்க யோசிக்கவே இல்லை. எல்லாக் கழிவுக்கும் உள்ள பேர்தான் இதற்கும்.

சில ஆண்டுகள் அது அப்படியே குவியலாகக் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். 1840இலேயே ஜெர்மன் வேதியியலர் லீபிக் தன் வேளாண் வேதியியல் நூலில் செடிக்கு மண்ணிலிருந்து தாது உப்புகள் வேண்டும், அறுவடையோடு அவை வெளியேறுகின்றன, திரும்பக் கொடுத்தாக வேண்டும் என்று எழுதிவிட்டார். ஐந்தாண்டு கழித்து அவரே ஒரு செயற்கை உரத்தைச் சந்தைக்கு விட்டார். மழையில் பொட்டாஷ் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று எண்ணி எல்லாவற்றையும் உருக்கிக் கரையாத பொருளாக்கிக் கொடுத்தார். கரையாததை வேர் எப்படி உறிஞ்சும்? அந்த உரம் தோற்றது. கரைகிற பொட்டாஷ் அவர் நாட்டிலேயே மண்ணுக்கடியில் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அது மேலேயும் வந்து குப்பையாகக் குவிந்தது.

பி.எஸ்ஸி. ஆய்வகத்தில் எங்களுக்குக் கலப்பு உப்புப் பகுப்பாய்வு உண்டு. பொட்டலத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடி கொடுப்பார்கள். அதற்குள் இரண்டு உப்புகள். என்னென்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை ஆய்வகத்தைத் தாண்டி முதல்வர் அறைவரை போகும். இதில் பொட்டாசியம் ஒரு கள்ளன். சுடரில் காட்டினால் மெல்லிய ஊதா நிறம் கொடுக்க வேண்டும். ஆனால் கூடவே துளி சோடியம் இருந்தால் போதும், மஞ்சள் சுடர் எழும்பி ஊதாவை முழுங்கிவிடும். அதற்குத்தான் நீலக் கண்ணாடித் துண்டு. கோபால்ட் சேர்ந்த அந்தக் கண்ணாடி மஞ்சளைத் தடுத்துவிடும். அதன் வழியாகப் பார்த்தால் ஒளிந்திருந்த ஊதா தெரியும். எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கண்ணாடி ஒன்றே ஒன்று இருந்தது. ஆய்வக உதவியாளரின் சட்டைப்பையில் இருக்கும். அவரிடம் யார் நல்ல பேர் வாங்கினார்களோ அவர்களுக்குப் பொட்டாசியம் தெரியும்.

இந்த மஞ்சளையும் ஊதாவையும் வைத்து சோடாவையும் பொட்டாஷையும் முதலில் பிரித்துக் காட்டியவர் பெர்லினில் இருந்த ஆந்த்ரேயாஸ் மார்க்கிராஃப். 1750களின் கடைசியில். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1747இல், பீட்ரூட் இனத்துக் கிழங்கில் இருப்பது கரும்பில் இருக்கும் அதே சர்க்கரைதான் என்று சொன்னவரும் அவரே. இரண்டு கண்டுபிடிப்புக்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை. அவருடைய மாணவர் ஆகார்ட் 1801இல் சைலீசியாவில் கிழங்குச் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். அரை நூற்றாண்டில் மாக்டபுர்க் சுற்றுவட்டாரம் முழுக்கக் கிழங்கு வயலும் சர்க்கரை ஆலையுமாகிவிட்டது. சர்க்கரைக் கிழங்கு, எங்கள் வாழையைப்போலவே, பொட்டாசியத்தை அள்ளிக்கொண்டு போகிற பயிர். ஆண்டுதோறும் அதையே நட்டு நட்டு மண் களைத்தது. அந்தக் களைத்த வயல்களின் நடுவேதான் ஸ்டாஸ்ஃபுர்ட். பெர்லின் ஆய்வகத்தில் ஒரே மனிதர் தொட்ட இரண்டு பொருளும் நூறு ஆண்டு கழித்து அங்கே அடுத்தடுத்துக் கிடந்தன, ஒன்று வயலில், மற்றது சுரங்கக் குப்பையில்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் அடோல்ஃப் ஃபிராங்க். வயது இருபத்தேழு. ஸ்டாஸ்ஃபுர்ட் சர்க்கரை ஆலையில் வேதியியலர். கிழங்கு ஏன் மெலிகிறது என்பதும் அவர் கவலை, வாசலில் குவிந்து கிடந்த சிவப்பு உப்பும் அவர் பார்வையில். குவியலை அப்படியே வயலில் கொட்ட முடியாது. மக்னீசியம் குளோரைடு பயிரைக் கெடுத்துவிடும். பிரித்தாக வேண்டும். கார்னலைட்டின் குணமே அவருக்குத் துணையானது. அது பொட்டாசியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் நீரும் சேர்ந்து கட்டிய ஒரே படிகம். சூடாகக் கரைத்து ஆறவிட்டால் பொட்டாசியம் குளோரைடு படிகமாகி அடியில் தங்கும். மக்னீசியம் குளோரைடு நீரிலேயே நின்றுவிடும். 1861இல் ஆலையைத் தொடங்கினார். உலகின் முதல் பொட்டாஷ் தொழிற்சாலை. மிச்சமான கசப்பு நீரையும் அவர் விடவில்லை. 1865இல் அதிலிருந்து புரோமின் எடுத்தார்.

கசப்பு நீர் என்றதும் மாமா ஞாபகம். அம்மாவின் தம்பி, தூத்துக்குடியில் உப்பளம். பள்ளி விடுமுறையில் அங்கே போனால் வெயிலில் நிற்க முடியாது; உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும். மாமா கையில் ஒரு கண்ணாடிக் குழல் எப்போதும் இருக்கும். நீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்ப்பதற்கு. கடல் நீர் மூணு, மூணரை டிகிரி. வெயிலில் அது ஏறிக்கொண்டே வரும். பத்துப் பதினைந்தைத் தாண்டும்போது ஜிப்சம் படியும். அதைப் பாத்திக்குக் கொண்டுவராமல் முன்னாலேயே கழித்துவிட வேண்டும். இருபத்தைந்தில் உப்பு பூக்க ஆரம்பிக்கும். இருபத்தொன்பது, முப்பதைத் தொட்டதும் மாமா மடையைத் திறக்கச் சொல்லிவிடுவார். “இதுக்கு மேல வெச்சா கசந்துரும். உப்பு வாயில வைக்க வெளங்காது.” மிச்சத் தண்ணீர் வழவழவென்று எண்ணெய்ப் பசையோடு ஓடையில் போகும். அதில்தான் மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் போகின்றன. பாலார் என்ற பிரெஞ்சுக்காரர் 1826இல் புரோமினைக் கண்டுபிடித்ததே இப்படி உப்பளம் கழித்துவிட்ட நீரில்தான். இன்று கட்ச் பக்கத்தில் அந்த நீரிலிருந்து புரோமின் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன.

ஸ்டாஸ்ஃபுர்ட்டில் மண்ணுக்கடியில் கிடந்தது மாமாவின் உப்பளம்தான், ஆள் இல்லாத உப்பளம். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து போலந்துவரை ஆழமில்லாத கடல் ஒன்று கிடந்தது. சூடான, வறண்ட காலம். கடல் சுண்டியது. முதலில் சுண்ணமும் ஜிப்சமும், அதன்மேல் சாப்பாட்டு உப்பு, அதன்மேல் மக்னீசிய சல்ஃபேட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே கடைசி வரை கரைந்தே நின்ற பொட்டாசியமும் மக்னீசியமும். அங்கே மடையைத் திறந்துவிட மாமா இல்லை. அதனால் கசப்பு நீரும் அங்கேயே காய்ந்தது. அதன்மேல் களிமண் படிந்து மூடிக்கொண்டது. மூடியிருக்காவிட்டால் அடுத்த மழையிலேயே கரைந்து போயிருக்கும் உப்பு அது. பிரஷ்யர்கள் மேலிருந்து தோண்டியதால் கடைசியில் படிந்ததைத்தான் முதலில் சந்தித்தார்கள். கசப்பு மேலே, நல்ல உப்பு கீழே என்று வேதியியலர்கள் தைரியமாகச் சொன்னதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் நெடுநாள் தீரவில்லை. 1849இல் உசிலியோ என்ற வேதியியலர் மத்தியதரைக் கடல் நீரைச் சுண்டவைத்து, எது எப்போது எவ்வளவு படிகிறது என்று அளந்து வைத்தார். அந்தக் கணக்கில் 1000 மீட்டர் ஆழக் கடல் முழுதாக வற்றினாலும் 15 மீட்டரை ஒட்டித்தான் உப்பு மிஞ்சும். ஸ்டாஸ்ஃபுர்ட்டில் கிடப்பதோ பல நூறு மீட்டர். அப்படியானால் எத்தனை கடல் வற்றியிருக்க வேண்டும்? 1877இல் ஓக்ஸேனியஸ் என்ற புவியியலர் ஒரு விடை சொன்னார். கடலுக்கும் உள்கடலுக்கும் இடையே ஒரு மணல் திட்டு. வெயில் குடிக்கக் குடிக்கத் திட்டின் மேலே புதுநீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், அடர்ந்த நீர் வெளியே போக வழியில்லை. காஸ்பியன் ஓரத்துக் காரா போகஸ் குடாவை அவர் உதாரணம் காட்டினார். உப்பள மொழியில் சொன்னால், தண்ணீர் கட்டக் கட்டப் பாத்தி நிறைந்துகொண்டே இருந்தது. பிறகு வந்தவர் வான்ட் ஹாஃப். 1901இல் வேதியியலுக்கு முதல் நோபல் வாங்கியவர். பெர்லினுக்குக் குடிவந்ததும் பத்தாண்டுக்கு மேல் அவர் செய்த வேலை இந்த ஸ்டாஸ்ஃபுர்ட் உப்புகள் எந்த வெப்பத்தில், எந்த வரிசையில் படிந்திருக்கும் என்பதுதான். சவ்வூடு அழுத்தத்துக்காகவும் வினைவேகத்துக்காகவும் அவரைப் பாடம் நடத்துகிறோம். குப்பைமேட்டு உப்புக்கு அவர் கொடுத்த பத்தாண்டை யாரும் சொல்வதில்லை. ஒரு கனிமம் மட்டும் அவர் பெயரோடு இருக்கிறது, வான்ட்ஹாஃபைட்.

குப்பைக்குள் இறங்கினால் பெயர்களே ஒரு சபை. கார்னலைட் என்பது சுரங்க அதிகாரி ருடால்ஃப் ஃபோன் கார்னலுக்கு வேதியியலர் ஹைன்ரிஷ் ரோஸ் 1856இல் செய்த மரியாதை. கீசரைட் என்பது யேனா நகர மருத்துவப் பேராசிரியர் கீசரின் பேர். சில்வைட் இன்னொரு மருத்துவருக்கு. சில்வியஸ் என்ற லைடன் பேராசிரியர் பேரில் ஜீரணத்துக்குக் கொடுத்த உப்பு பொட்டாசியம் குளோரைடுதான். பாலிஹாலைட் ஆள்பேர் இல்லை, ‘பல உப்பு’ என்று கிரேக்கம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், அதே பழைய கடல் விட்டுப்போன பாலிஹாலைட்டை இப்போது 1000 மீட்டருக்கும் ஆழத்தில் வெட்டி நேராக உரமாக விற்கிறார்கள். கைனைட் என்றால் ‘புதிது’. எனக்குப் பிடித்தது டாக்கிஹைட்ரைட், ‘சீக்கிரமாக நீராவது’. காற்றில் வைத்தால் தானாக உருகி ஓடிவிடும். கண்காட்சிப் பெட்டியில் வைத்தால் மூடி அரக்கிட வேண்டிய கனிமம்.

வகுப்பில் கார்னலைட் எனக்கு ஒரு வரி. பிளஸ் டூ பாடத்தில் இரட்டை உப்புக்கு உதாரணமாக வந்து போகும். மோர் உப்பு, பொட்டாஷ் படிகாரம், கார்னலைட். நீரில் கரைத்தால் எல்லா அயனிகளும் தனித்தனியே பிரிந்து, தனித்தனியே சோதனைக்கு அகப்பட்டால் இரட்டை உப்பு. உள்ளே சில கட்டுண்டு வெளியே தலைகாட்டாவிட்டால் அணைவுச் சேர்மம். சவரக்கடையில் முகத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டியைக் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். புரியாமல் போவது வேறொன்று: இரட்டை உப்பும் கலப்பு உப்பும் ஒன்றா? இல்லை. கார்னலைட் துகள் ஒன்றை எப்படி நுணுக்கினாலும் ஒவ்வொரு பொடியும் கார்னலைட்தான். படிகமே அப்படிக் கட்டப்பட்டது. அப்ரௌம் அப்படியல்ல. கார்னலைட் துகள் ஒரு பக்கம், கீசரைட் ஒரு பக்கம், சாதா உப்பு ஒரு பக்கம் என்று பொறுக்கிப் பிரிக்கலாம். அது ஒரு வேதிப்பொருளின் பேரே இல்லை, ஒரு இடத்தின் பேர். மேலே கிடந்தது, குறுக்கே நின்றது, தள்ளப்பட்டது. வேதியியலில் வாய்ப்பாட்டையோ கண்டவரையோ நிறத்தையோ சொல்லாமல், தோண்டியவனின் எரிச்சலைச் சொல்லும் பேர் வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஃபிராங்க் வழி காட்டியதும் எரிச்சல் தீர்ந்தது. ஸ்டாஸ்ஃபுர்ட்டைச் சுற்றி ஆலைகள் முளைத்தன. எல்லைக்கு அப்பால் அன்ஹால்ட் சமஸ்தானமும் லியோபோல்ட்ஸ்ஹாலில் தன் குழியை வெட்டியது. அங்கே கிடைத்த கைனைட்டைப் பிரிக்கக்கூட வேண்டியதில்லை, அரைத்து நேராக வயலில் போடலாம். வடக்கே லூப்பிட்ஸ் கிராமத்தில் ஷுல்ட்ஸ் என்ற பண்ணைக்காரர், எதுவும் விளையாத மணலில் சுண்ணமண்ணும் கைனைட்டும் போட்டு லூப்பின் என்ற அவரைக் குடும்பத்துச் செடியை விதைத்தார். லூப்பின் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்தது, சாம்பல்சத்து குழியிலிருந்து வந்தது. மணல் வயலானது. லூப்பிட்ஸ் என்ற ஊர்ப்பேர் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர்கள் அந்த உப்புகளை ‘மேன்மையான உப்பு’ என்றும் சொல்லத் தொடங்கினார்கள். பழைய பேரையும் கைவிடவில்லை. ஒரே பொருளுக்குக் குப்பை என்றும் மேன்மை என்றும் இரண்டு பேரும் கொஞ்சகாலம் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின.

உலகுக்கே பொட்டாஷ் அங்கிருந்துதான் போனது. முதல் உலகப்போரில் ஜெர்மனி ஏற்றுமதியை நிறுத்தியதும் அமெரிக்காவில் விலை பத்து மடங்கு ஏறியது. கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரி, கடற்பாசி, சிமெண்ட் ஆலைத் தூசி என்று எதையெல்லாமோ தடவினார்கள். நெப்ராஸ்காவின் உவர் ஏரிகளை ஒட்டி ஆன்டியாக் என்றொரு ஊர் சில ஆண்டில் எழும்பி, போர் முடிந்து ஜெர்மன் பொட்டாஷ் திரும்பி வந்ததும் விழுந்தது. 1919இல் அல்ஸாஸ் பிரான்ஸுக்குப் போனபோது அங்கிருந்த பொட்டாஷ் சுரங்கங்களும் சேர்ந்து போயின. பின்னர் கனடாவின் சஸ்காச்சுவானில் எண்ணெய் தேடித் துளைத்தவர்களுக்குப் பொட்டாஷ் அகப்பட்டது. இங்கேயும் தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. அப்பா வாங்கிய சிவப்பு மூட்டை அநேகமாக அப்படி ஏதோ ஒரு தேசத்திலிருந்து கப்பலேறியிருக்கும். இந்தியாவில் வெட்டி எடுக்கும் பொட்டாஷ் சுரங்கம் இல்லை. வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் ஏறக்குறைய முழுக்க இறக்குமதிதான்.

ஸ்டாஸ்ஃபுர்ட்டுக்கு என்ன ஆனது? உப்புச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தால் சுவரே கரையும். பழைய குழிகள் மூழ்கின, மேலே ஊர் இறங்கியது. நகரின் நடுப்பகுதி சில மீட்டர்கள் தாழ்ந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. புனித யோவான் தேவாலயத்தின் கோபுரம் சாய்ந்து சாய்ந்து, 1965இல் அதையும் இடித்தார்கள். ஊர் நடுவே இப்போது ஓர் ஏரி இருக்கிறது. இடையில் கிழக்கு ஜெர்மனியின் தொலைக்காட்சிப் பெட்டிகள் அந்த ஊர் ஆலையில்தான் தயாராயின என்று படித்தபோது சிரிப்பு வந்தது. உப்பை விட்டுவிட்டுக் காற்றில் வருவதைப் பிடிக்கப் போய்விட்டார்கள். ஃபிராங்க்கும் பின்னாளில் அதையேதான் செய்தார். காரோ என்பவரோடு சேர்ந்து காற்றின் நைட்ரஜனைக் கால்சியம் சயனமைடாகக் கட்டும் முறையைக் கண்டார். சாம்பல்சத்தில் ஆரம்பித்துத் தழைச்சத்துக்கு வந்தார்.

தோண்டியெடுத்த பின் மிஞ்சிய குழிகளுக்கும் தனிக் கதை. உப்புக் குழி உலர்ந்தது, ஆழமானது, யாரும் எட்டிப்பார்க்காதது. 1945 ஏப்ரலில் மெர்க்கர்ஸ் பொட்டாஷ் சுரங்கத்தில் அமெரிக்கப் படை ஜெர்மன் ரிசர்வ் வங்கியின் தங்கத்தையும் பெர்லின் அருங்காட்சியக ஓவியங்களையும் கண்டது. பார்க்கத் தளபதிகள் ஐசன்ஹோவரும் பிராட்லியும் பேட்டனும் ஒரே கூண்டில் கீழே இறங்கினார்கள். தங்கத்தைப் பத்திரமாக வைத்த குழி மற்றதையும் வைக்கும் என்று நம்பியிருக்கலாம். 1967 முதல் 1978 வரை ஆஸெ என்ற பழைய பொட்டாஷ், உப்புச் சுரங்கத்தில் கதிரியக்கக் கழிவு நிறைந்த 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் கசிந்துகொண்டிருக்கிறது. பீப்பாய்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2013இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். எறிய இடம் தேடியவர்கள் எறிந்ததை எடுக்க வழி தேடுகிறார்கள்.

மெர்க்கர்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில், வெர்ரா ஆற்றங்கரையில் ஹெரிங்கன். இன்றும் பொட்டாஷ் எடுக்கிறார்கள். வெட்டி வருகிற பாறையில் பொட்டாசியம் சிறுபங்குதான். பெரும்பங்கு சோடியம் குளோரைடு. பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுகிறார்கள். 1970களிலிருந்து கொட்டியது மலையாகிவிட்டது. மான்டே காலி, அதாவது பொட்டாஷ் மலை, என்று விளையாட்டாகப் பேர். சுற்று நிலத்தைவிட 200 மீட்டருக்கும் உயரம், 20 கோடி டன்னுக்கும் மேல். எந்த உப்பைத் தேடிப் பிரஷ்ய அரசு 300 மீட்டர் குழி வெட்டியதோ, வழியில் நின்றதையெல்லாம் எதற்காகக் குப்பை என்று தள்ளியதோ, அந்த உப்பு. விற்றால் வண்டிக்கூலிக்குக் கட்டாது. மழை பெய்தால் கரைந்து வெர்ராவுக்குப் போகிறது; ஆற்று மீன்கள் பட்டபாடு பெரிய வழக்காகவே நடந்தது. அடிவாரத்தில், கடல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்க, எங்கள் உப்பளக் கரையில் வளரும் உமரியின் இனத்துச் செடிகள் முளைத்திருக்கின்றன. அந்த இனத்துச் செடிகளை எரித்த சாம்பலைத்தான் அரபியர் ‘அல் கலி’ என்றார்கள். பொட்டாசியத்துக்குக் குறியீடு கே என்று இருப்பது அந்தக் கலியிலிருந்துதான்.

மாமாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல். உப்பளத்தை மகன் பார்க்கிறான். போனில் மான்டே காலியின் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மேலே நிற்கும் ஆள் எறும்பளவு. எத்தனை டன், என்ன டிகிரியில் எடுத்தது, ஈரம் எவ்வளவு என்று கேட்டார். அது வெயிலில் விளைந்ததில்லை, பாறையிலிருந்து பிரித்துத் தள்ளியது என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“ஏ மருமவனே, இம்புட்டு அம்பாரத்தையும் குவிச்சி வெச்சிருக்கானே, மழைக்கு மேல ஒரு ஓலை போட்டு மூடிருக்கானா பாரு. நம்ம பக்கத்துல எவனாவது இப்படிப் போட்டு வெச்சான்னா மொதலாளி அன்னைக்கே கணக்கு முடிச்சி அனுப்பிருவான்.”